எண்பத்திரண்டு நாள்

செம்பாக்கம்
2 ஜனவரி 2007

அன்புள்ள எழில்,

டிசம்பர் பதினெட்டாம் தேதியிலிருந்து உன் செல்போன் அணைந்தே கிடக்கிறது. வீட்டு எண்ணுக்குப் போட்டால் உன் அம்மா எடுக்கிறார். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார். அதனால் கடிதம். கல்லூரியில் நான்கு வருஷம் ஒரே வகுப்பில் இருந்தும், உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இப்படி ஆகிவிட்டது.

உன் அண்ணனின் உடலைக் கரைக்குக் கொண்டுவந்த அன்று நான் வந்திருந்தேன். உனக்கு யாராவது சொன்னார்களா தெரியாது. மீன் ஏலம் போடும் கொட்டகை வரைதான் வர முடிந்தது. உன் சித்தப்பா என் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய், "தம்பி, இப்ப நீ உள்ள வந்தா பேஜாராயிடும். வந்த வழியே போயிடு" என்றார். அவர் திட்டியிருந்தால் நின்றிருப்பேன். மெதுவாகச் சொன்னதால் திரும்பிவிட்டேன்.

கனகவல்லி அண்ணி சாப்பிடுகிறார்களா? பாப்பா மஹாலட்சுமி அப்பாவைக் கேட்கிறாளா?

நீ கேட்கப் போகும் கேள்வி எனக்குத் தெரியும். படகு கவிழ்ந்து, அதில் கட்டியிருந்த நம் ரேடியோ பெட்டி தண்ணீரில் விழுந்ததும் அது விழித்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இருக்கும் ரிசீவரில் மணி அடித்திருக்க வேண்டும். அதற்காகத்தானே சுனாமிக்குப் பிறகு ஒன்றரை வருஷம் என் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் உட்கார்ந்து அதைச் செய்தோம். தண்ணீர் படாத நேரமெல்லாம் அதன் சிப் தூங்கும், இரண்டு பேனா பேட்டரியில் ஒரு வருஷம் தாங்கும் என்று நாம் போட்ட கணக்கில் பிழை இல்லை. மறுபடி போட்டுப் பார்த்தேன். பேட்டரிதான் போலியாக இருந்திருக்க வேண்டும். தாம்பரத்தில் பிளாட்பாரக் கடையில் வாங்கினேன், ஞாபகம் இருக்கிறதா? நல்ல கடையில் வாங்கியிருக்கலாம்.

பிப்ரவரியில் வைத்திருந்த நம் நிச்சயதார்த்தத்தை அப்பா தானாகவே தள்ளிவைத்துவிட்டார். "அந்தப் பிள்ளை அழுது முடிக்கட்டும்" என்றார். நானும் அதையேதான் சொல்கிறேன். ஒரு வரி எழுது.

ஜெபா


பனையூர்க் குப்பம்
9 ஜனவரி 2007

ஜெபசீலன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். சோழிங்கநல்லூர் கூரியர் கடையில் போடுகிறேன். உள்ளே இருப்பது அண்ணனின் பெட்டி. கவிழ்ந்து கிடந்த படகில், கட்டிய கயிற்றோடு மிதந்துகொண்டிருந்தது. மூடி இறுக்கமாக இருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு பேட்டரியும் தீர்ந்திருந்தன. அளந்து பார்த்தேன், ஒன்றில் 0.6, இன்னொன்றில் 0.5.

போலி பேட்டரி என்று எழுதியிருக்கிறீர்கள். அதே அட்டையில் மீதி இருந்த இரண்டு பேட்டரி எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் இருக்கிறது. நான்கு மாதமாக ஓடுகிறது. இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் கொட்டகையோடு திரும்பிவிட்டதால் உங்களுக்குச் சில விஷயங்கள் தெரியாது. சொல்கிறேன்.

அன்று ஜெயவேலு அண்ணனுக்குக் காய்ச்சல். எப்போதும் இரண்டு பேர் போகிற படகில் எங்கள் அண்ணன் தனியாகப் போனது. பத்து மணிக்குள் திரும்ப வேண்டியது, பன்னிரண்டாகியும் வரவில்லை. நான் ரிசீவரைப் பார்த்தேன். சத்தம் இல்லை. ஆறு படகு தேடக் கிளம்பியது. முதல் படகில் நான் ஏறினேன். நாம் செய்த கை ஏரியலைப் பிடித்துக்கொண்டு தெற்கே திருப்பினேன், கோவளம் வரைக்கும் போனோம். ஒன்றும் கேட்கவில்லை. அப்போது படகில் இருந்தவர்களிடம் நான்தான் சொன்னேன், "இந்தப் பக்கம் இல்ல, இருந்தா கேக்கும், வடக்கே போங்க" என்று. படித்த பெண் சொல்கிறாள் என்று ஆறு படகும் வடக்கே திரும்பியது.

அண்ணன் தெற்கேதான் இருந்தது. மூன்றாம் நாள் மகாபலிபுரத்துக்காரர்கள் பார்த்தார்கள்.

உடலை அறுத்துப் பார்த்த டாக்டர், கவிழ்ந்த பிறகு ஒரு பகல், ஒரு இரவு உயிர் இருந்திருக்கும் என்றார். உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்திருந்தது. படகின் மேல் படுத்துக் கயிற்றைப் பிடித்திருக்கிறது. அந்தக் கயிற்றின் இன்னொரு முனையில்தான் பெட்டி இருந்தது. அது கூப்பிடுகிறது, நாங்கள் வந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்துப் பிடித்திருக்கும்.

முதல் முதலில் பெட்டியைக் காட்டியபோது அண்ணன் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். "தூங்கினுகீற பொட்டி என்னை எப்டி காப்பாத்தும்?" நீங்கள் சிரித்துக்கொண்டே, "தண்ணி பட்டா எழுந்துடும்ணா" என்றீர்கள்.

ஏன் எழுந்திருக்கவில்லை? எனக்கு ஆறுதல் வேண்டாம். காரணம் வேண்டும். கண்டுபிடிக்காமல் இன்னொரு கடிதம் போடாதீர்கள்.

எழில்


செம்பாக்கம்
17 ஜனவரி 2007

எழில்,

முதலில் ஒன்று. மற்ற நான்கு படகில் இருக்கும் பெட்டிகளை நம்பி யாரும் கடலுக்குப் போகக் கூடாது. பதின்மூன்றாம் தேதி காலையிலேயே ஜெயவேலு அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். "கழட்டிடறோம். இன்னா ஆச்சு, சொல்லு" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து நேரில் சொல்கிறேன் என்றேன். அவருக்கு முன்பே நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டி பதினொன்றாம் தேதி வந்தது. துடைத்து, புது பேட்டரி போட்டு, மீட்டரை மாட்டினேன். தூக்கத்தில் ஆறு மைக்ரோ ஆம்பியர். நாம் கஷ்டப்பட்டு இறக்கிய அதே ஆறு. முதல் நாள் தொள்ளாயிரம் காட்டியது, ஞாபகம் இருக்கிறதா? சிப்பில் சும்மா கிடந்த கம்பிக் கால்களை ஒவ்வொன்றாகக் கட்டினோம். தேவையில்லாமல் ஓடிய பகுதிகளை ஒவ்வொன்றாக அணைத்தோம். ஒவ்வொரு ஞாயிறும் எண் கொஞ்சம் இறங்கும். ஆறு காட்டிய அன்று நீ எழுந்து போய் என் அம்மாவிடம் காபி கேட்டாய். அதற்கு முன் நீ எங்கள் வீட்டில் எதையும் கேட்டு வாங்கியதில்லை.

பதினொன்றாம் தேதி அந்த ஆறைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், நிம்மதியாகத் தூங்கினேன். தப்பு என்னுடையது இல்லை என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் ஒரு டம்ளரில் உப்பைக் கரைத்து, விரலால் தொட்டுப் பெட்டியின் மேல் தெளித்தேன். சாரல் அடிப்பது போல. ஆறு மைக்ரோவில் இருந்தது எட்டு மில்லிக்குத் தாவியது. ஆயிரம் மடங்குக்கும் மேல். ஐந்து நொடி அப்படியே நின்றது. பிறகு தூங்கியது. மறுபடி தெளித்தேன். மறுபடி ஐந்து நொடி.

அந்த ஐந்து நொடி நான் போட்டது.

செப்டம்பரில் பெட்டி மூன்று தடவை சும்மா அடித்ததல்லவா? மூன்று தடவையும் குப்பமே கரைக்கு ஓடியது. கடைசியில் பார்த்தால் படகில் சாரல் அடித்திருக்கும், அவ்வளவுதான். "இன்னொரு தபா அடிச்சா தூக்கிக் கடல்ல கடாசிடுவேன்" என்றார் அண்ணன். அதைச் சரிபண்ணத்தான் இருபத்துநான்காம் தேதி லேப்டாப்போடு வந்தேன். தண்ணீர் பட்டதும் உடனே கூப்பிடாமல், ஐந்து நொடி விழித்திருந்து பார், தண்ணீர் விடாமல் இருந்தால் மட்டும் கூப்பிடு என்று மாற்றினேன். ஐந்து பெட்டியிலும் மாற்றினேன், புது பேட்டரி போட்டேன். வாளியில் முக்கிக் காட்டினேன், அடித்தது. கையால் தெளித்துக் காட்டினேன், அடிக்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

கரண்ட்டை மறுபடி நான் அளக்கவில்லை. அலைக்குப் படகில் எத்தனை முறை சாரல் அடிக்கும் என்று யோசிக்கவில்லை. ஒவ்வொரு சாரலுக்கும் அது எழுந்து, ஐந்து நொடி முழுசாக விழித்திருந்து, பிறகுதான் தூங்கியிருக்கிறது. ஆறு மணி நேரம் கடலில் இருந்தால் அதில் பாதி நேரம் விழிப்பு. கணக்குப் போட்டேன். இரண்டு பேட்டரிக்கு எண்பத்து மூன்று நாள் வந்தது. நான் மாற்றியது செப்டம்பர் 24. அண்ணன் போனது டிசம்பர் 15. எண்பத்திரண்டு நாள்.

ஏன் அளக்கவில்லை என்று கேட்பாய். இரண்டு நாள் வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போய் அளந்து தருகிறேன் என்று கேட்டிருக்கலாம். வாயில் வந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் என் தோளில் கை போட்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம், "நம்ம மச்சான் கையில சரக்கு கீதுடா" என்றார். அதுவரை என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உன்னை எனக்குக் கொடுக்க உங்கள் வீட்டில் ஒப்புக்கொண்ட ஒரே ஆள். அவர் முன்னால் தெரியாதவன் போல நிற்க எனக்கு மனம் வரவில்லை. "காலையில எடுத்துனு போலாமா?" என்று கேட்டார். போகலாம்ணா என்றேன்.

பன்னிரண்டாம் தேதியே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுத ஐந்து நாள் ஆயிற்று. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். கிழித்தவற்றில் எல்லாம் எங்காவது ஒரு சாக்கு இருந்தது. இதில் இல்லை என்று நினைக்கிறேன்.

ஜெபசீலன்


பனையூர்க் குப்பம்
24 ஜனவரி 2007

ஜெபா,

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது நான் வீட்டுக்குள்தான் இருந்தேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தேன். நீ கொட்டகையில் நின்று பேசியது முழுக்கக் கேட்டது. சாக்கு எதுவும் சொல்லவில்லை. ஜெயவேலு அண்ணன் எழுந்து உன் சட்டையைப் பிடித்தபோது நீ கையைக்கூடத் தூக்கவில்லை என்று சித்தப்பா சொன்னார். நான் வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

ஜெயவேலு அண்ணன் கொட்டகையில் உட்கார்ந்து அழுதது. "எனுக்கு ஏன்டா அன்னிக்கி ஜொரம் வந்துச்சு" என்று கேட்டுக்கொண்டே அழுதது. உன் மேல் இருந்த கோபம் அதற்கு ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. அம்மா அப்படி இல்லை. வாசலில் நின்று உன் பேரைச் சொல்லி மண்ணை வாரி விட்டாள். பிறகு உள்ளே வந்து, "அவனும் ஒருத்தி பெத்த புள்ளதான். ஆனா இனிமே அவன் மொகத்த பாத்தா எனுக்கு என் புள்ள கைதான் ஞாபகம் வரும்" என்றாள்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டது. "மத்த நாலு பொட்டிய கழட்டிட்டாங்களா?" கழட்டியாகிவிட்டது என்றேன். "அப்ப அவங்க இப்ப எத்த நம்பிப் போறாங்க?" என்றது.

இப்போது நான் சொல்ல வேண்டியது.

நவம்பர் கடைசி. மழை விட்டிருந்தது. நான் பல்லாவரத்தில் வேலை முடிந்து, கீழ்க்கட்டளை, மேடவாக்கம் என்று இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து காலைக்கூடக் கழுவவில்லை. அண்ணன் வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தது. "எழிலு, அந்தப் பொட்டில பட்டன அமுக்கினா செவப்பு லைட்டு எரியுமில்ல, அது மங்கலா கீது. பேட்டரி மாத்திடட்டா?" என்று கேட்டது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு வருஷம் வரும்ணே. கணக்குப் போட்டு வெச்சிருக்கோம். சும்மா மூடியைத் திறந்தா உப்புத் தண்ணி உள்ளே போயிடும். திறக்காதே" என்றேன். அலுப்பில் சொன்னேன். போய்ப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து படகு நிற்கிற இடம் இருநூறு அடி.

"சரி, நீ சொன்னா சரி" என்றது.

அட்டையில் மீதி இருந்த பேட்டரி அப்போது கடிகாரத்தில் இருந்தது. கையை நீட்டினால் எடுக்கலாம்.

ஒன்பதாம் தேதி உனக்கு அந்தக் கடிதம் எழுதினேனே, அப்போது இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். காரணம் கண்டுபிடி என்று உன்னை விரட்டினால், காரணம் முழுக்க உன் பக்கம் இருந்துவிடும் என்று நினைத்தேன். நீ கண்டுபிடித்தாய். உன் பக்கமும் இருக்கிறது. அதனால் என் பங்கு குறையவில்லை, ஜெபா. உன்னுடையது அளக்காமல் விட்டது. என்னிடம் ஒருவர் வந்து, மங்குகிறது என்று சொன்னார். சொல்லியும் போய்ப் பார்க்காமல் விட்டேன்.

அண்ணியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. நீ கொட்டகையில் அத்தனை பேர் முன்னால் சொன்னாய். எனக்கு ஒரே ஒருத்தியிடம் சொல்ல வாய் வரவில்லை.

எழில்


செம்பாக்கம்
5 பிப்ரவரி 2007

எழில்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். நீ சொன்ன பதிலை உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு வருஷம் வரும் என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் நீயும் சொல்லியிருக்க மாட்டாய். உன் பங்கு என்று நீ எடுத்து வைத்திருப்பதும் என்னிடமிருந்து வந்ததுதான். திருப்பிக் கொடுத்துவிடு.

அண்ணி கேட்ட கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. எத்த நம்பிப் போறாங்க?

புரோகிராமை மாற்றியிருக்கிறேன். ஐந்து நொடியும் விழித்திருக்க வேண்டியதே இல்லை. தண்ணீர் பட்டதும் கண் இமைக்கிற நேரம் பார்த்துவிட்டு உடனே தூங்கலாம். ஒரு நொடி கழித்து மறுபடி பார்க்கலாம். தொடர்ந்து ஐந்து முறை தண்ணீர் இருந்தால் மட்டும் கூப்பிடலாம். நடுவில் முழுக்கத் தூக்கம். மொத்தம் பதினோரு வரி. ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது.

இனி பேட்டரி பாதிக்கு இறங்கினால் பெட்டியே மணிக்கு ஒருமுறை கத்தும். யாரும் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் என் மேஜையில் அளந்த எண்ணை இனி நான் நம்பப் போவதில்லை. இரண்டு பெட்டி அனுப்புகிறேன். உங்கள் மொட்டை மாடியில் கடல் பார்க்க வை. தினமும் கடல் தண்ணீரை எடுத்து அதன் மேல் தெளிக்க வேண்டும், காலையில் நூறு தடவை, சாயங்காலம் நூறு தடவை. வாரம் ஒருமுறை வோல்ட் அளந்து எழுத வேண்டும். நூறு நாள். இதை உன்னிடம் கேட்க எனக்குத் தகுதி இல்லை. கேட்க வேறு ஆள் இல்லை.

நம்மைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காததால் கைவிட்டுவிட்டேன் என்று நினைக்காதே. உனக்காக வாங்கிய புடவையை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.

ஜெபா


பனையூர்க் குப்பம்
4 மார்ச் 2007

ஜெபா,

பெட்டிகள் பிப்ரவரி 18 முதல் மாடியில்.

முதல் பெட்டி: 3.17. இப்போது 3.16.
இரண்டாவது: 3.18. இப்போது 3.16.

இரண்டின் மேலும் உப்பு வெள்ளையாகப் படிந்துவிட்டது. துடைக்கவில்லை.

தெளிப்பதை அண்ணி செய்கிறது. நான் கேட்கவில்லை. இரண்டாம் நாளே வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. நூறு வரை எண்ணத் தெரிந்த பாப்பா பக்கத்தில் நின்று எண்ணுகிறாள். நடுவில் மறந்தால் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

எழில்


செம்பாக்கம்
20 மே 2007

எழில்,

நேற்று வந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன். 3.11, 3.10. கணக்கு சொன்னதைவிட நன்றாகவே நிற்கிறது. இன்னும் பத்து நாள்.

கடைசிப் பத்துக் கடிதத்தில் நீ எண்களைத் தவிர ஒன்றும் எழுதவில்லை. நான் தினமும் தபால்காரருக்காக வாசலில் நிற்கிறேன். அப்பாவுக்குத் தெரியும். நேற்று, "அந்தப் பிள்ளை ஏதாவது எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார். "மூணு புள்ளி ஒண்ணு ஒண்ணுப்பா" என்றேன். உள்ளே போய்விட்டார்.

போன செவ்வாய்க்கிழமை மேடவாக்கம் கூட்டுரோட்டில் உன்னைப் பார்த்தேன். தண்ணி லாரி ஒன்று குறுக்கே நின்று எல்லா வண்டியும் அடைந்து கிடந்தது. நீ பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாய். பைக்கை நிறுத்திவிட்டு வந்திருக்கலாம். இருபது நிமிஷம் நேரம் இருந்தது. நீ இளைத்திருந்தாய். தலையில் பூ இல்லை. லாரி நகர்ந்ததும் நானும் நகர்ந்துவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். நூறு நாள் முடிந்த பிறகு நான் உங்கள் வீட்டுக்கு வரலாமா? பெட்டியைக் கொடுக்க இல்லை. உன்னைக் கேட்க. உன் அம்மா காலில் விழச் சொன்னால் விழுகிறேன். எத்தனை வருஷம் காத்திருக்கச் சொன்னாலும் சரி.

இல்லை என்றால் இல்லை என்று எழுது. எண்ணை மட்டும் எழுதி அனுப்பாதே.

ஜெபா


பனையூர்க் குப்பம்
17 ஜூன் 2007

அன்புள்ள ஜெபா,

நூறு நாள் முடிந்தது. 3.10, 3.09. நீ அனுப்பிய மற்ற மூன்று பெட்டியும் வந்து சேர்ந்தன. அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். நவம்பரில் அண்ணன் கேட்டதையும் நான் சொன்னதையும். மாடியில் வைத்துத்தான் சொன்னேன். தெளித்துக்கொண்டிருந்தது. பாப்பா முப்பத்தேழு வரை எண்ணியிருந்தாள். அண்ணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, "எனுக்குத் தெரியும். அவுரு வந்து சொன்னாரு, எழிலு வேணாம்னுட்சின்னு" என்றது. ஆறு மாதமாகத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறது, தலை வாரிவிட்டிருக்கிறது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீ இன்னா பண்ணுவ? நானும் அவுரு சொன்னதும் சரின்னு தானே வுட்டேன்" என்றது. பிறகு பாப்பாவிடம் திரும்பி, "எத்தினி வரிக்கும் வந்தோம்?" என்று கேட்டது.

இப்போது அண்ணி மீன் விற்கப் போகிறது. விடியற்காலையில் ஏலத்தில் எடுத்து, ஷேர் ஆட்டோவில் மேடவாக்கம் மார்க்கெட். என் சம்பளம் போதும் என்று சொன்னேன், கேட்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். வர வேண்டாம், ஜெபா.

உன்மேல் கோபம் இருந்து சொல்லவில்லை. கோபம் இருந்திருந்தால் ஒரு நாள் தீர்ந்திருக்கும். நீ கொட்டகையில் நின்று பேசினாயே, அந்த நிமிஷம் உன்மேல் எனக்கு இருந்த மரியாதை இதற்கு முன் எப்போதும் இருந்ததில்லை. ஆனால் நாம் இருவரும் ஒரு வீட்டில் இருந்தால், நீ என் முகத்தில் பார்ப்பதும் நான் உன் முகத்தில் பார்ப்பதும் ஒன்றாகத்தான் இருக்கும். நீ சிரிப்பு வருகிற மாதிரி ஏதாவது சொல்லுவாய். நான் சிரிப்பேன். சிரித்ததும் நமக்கு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்த உள்ளங்கை ஞாபகம் வரும். இன்னொருவரோடு என்றால் எனக்கு மட்டும் வரும். அதைத் தாங்கிக்கொள்ளலாம். இன்னொருவரும் வேண்டாம் என்றுதான் இப்போது இருக்கிறேன்.

மேடவாக்கத்தில் நானும் உன்னைப் பார்த்தேன். நீல ஹெல்மெட். இருபது நிமிஷமும் நான் பஸ் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். நீ வந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அதனால் வராதது நல்லது. புடவையை உன் அம்மாவிடம் சொல்லி யாருக்காவது கட்டக் கொடுத்துவிடு. பீரோவில் வைத்திருக்க வேண்டாம்.

இனி பெட்டி.

நேற்று சனிக்கிழமை நான்கு படகிலும் கட்டினார்கள். ஐந்தாவது எங்கள் படகுக்கு. அதை இப்போது ஜெயவேலு அண்ணன்தான் ஓட்டுகிறது. கட்டுவதற்கு முன் ஒரு தடவை சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். ஜெயவேலு அண்ணன் பெட்டியை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கியது. நான் கரையில் கடிகாரத்தோடு நின்றேன். ரிசீவர் வழக்கம் போல எங்கள் வீட்டில். அம்மா பாப்பாவை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். அண்ணி மார்க்கெட்டில் இருக்கும், வீட்டில் யாரும் இல்லை, சித்தப்பா முன்வாசலில் நின்று கேட்டுச் சொல்லட்டும் என்று அனுப்பினேன்.

அண்ணிக்கு மீன் சீக்கிரம் விற்றுவிட்டிருக்கிறது. நான் கரைக்கு வந்த பிறகு பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது.

ஜெயவேலு அண்ணன் பெட்டியை முக்கியது. நான் எண்ணினேன். ஐந்தாவது நொடியில் வீட்டுப் பக்கம் மணி கேட்டது. கரையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அப்போது அண்ணி ஓடி வந்தது.

முந்தானை தரையில் புரள, கையில் மீன் செதில் ஒட்டியிருக்க, மணலில் ஓடி வந்தது. எங்கள் யாரையும் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில்தான் ஓடியது. அது ஓடி நான் பார்த்ததே இல்லை. நேராகத் தண்ணீரில் இறங்கியது. முழங்கால் வரை, பிறகு இடுப்பு வரை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கடலைத் தெற்கும் வடக்கும் பார்த்தது. பிறகுதான் பத்தடி தள்ளி ஜெயவேலு அண்ணன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

நான் போய்த்தான் அழைத்து வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. அழவில்லை. வீட்டுக்கு வந்து புடவை மாற்றி, கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது. பாப்பா வந்ததும் அவளுக்குச் சாதம் போட்டது. அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்துப் பேசியது.

"நல்லா கேக்குது. பின்னால கிணத்தாண்ட நின்னாகூட கேக்குது. அந்த சாருக்கு எழுது."

எழுதிவிட்டேன்.

எழில்